ஃப்ரீசரில் ஐஸ் கட்டினால்: காரணம் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

ஃப்ரீசரைத் திறந்தால் உள்சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. ஐஸ் ட்ரே அடியோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. பின்னால் வைத்த பொட்டலம் பனிக்குள் புதைந்து கிடக்கிறது. இதைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் உருக்கிவிடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஐஸ் எந்த இடத்தில் கட்டியிருக்கிறது, எப்படிப்பட்ட ஐஸ் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உருக்கிவிட்டால் அந்தத் தடயம் தண்ணீரோடு போய்விடும். காரணம் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் அதே ஐஸ் திரும்பவும் வந்து நிற்கும்.

அதனால் முதல் வேலை, போனை எடுத்து ஃப்ரீசரின் உள்பக்கத்தை நாலைந்து கோணத்தில் படம் எடுத்து வைப்பது. பின்சுவர், தரை, கதவோரம், மேல்புறம் எல்லாம் படத்தில் வரட்டும். பின்னால் மெக்கானிக்கை அழைக்க வேண்டி வந்தாலும் இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

உங்களுடையது எந்த வகை?

வீட்டு ஃப்ரிட்ஜுகளில் பொதுவாக இரண்டு வகை. டைரக்ட் கூல் என்பது பெரும்பாலும் சிங்கிள் டோர். மேலே உள்ள ஃப்ரீசர் பெட்டியின் சுவரே குளிர்விக்கும் பகுதி. அதில் ஐஸ் கட்டுவது இயல்பு. அவ்வப்போது நாம்தான் உருக்கிவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் ஒரு பட்டன் இருந்தால் உங்களுடையது இந்த வகைதான்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்பது பெரும்பாலும் டபுள் டோர். இதில் குளிர்விக்கும் காயில் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். ஒரு ஃபேன் அந்தக் குளிரை ஃப்ரீசருக்கும், காற்றுவழி மூலம் கீழ் அறைக்கும் தள்ளும். காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே உருக்கிவிடும். அந்தத் தண்ணீர் ஒரு ஓட்டை வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். இந்த வகையில் கண்ணுக்குத் தெரியும்படி ஐஸ் கட்டினால், ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம்.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில் அரை சென்டிமீட்டர் பனியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் அதே அளவு பனியை அலட்சியமாக விடவும் கூடாது.

ஐஸ் எங்கிருந்து வருகிறது?

ஃப்ரிட்ஜின் குழாய்களுக்குள் தண்ணீர் கிடையாது. ஓடுவது கேஸ் மட்டும்தான். சுவரில் கட்டும் ஐஸ் முழுவதும் வெளிக்காற்றிலும் உள்ளே வைக்கும் பொருள்களிலும் இருக்கிற ஈரம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவி வரை தாங்கும். மைனஸ் 18 டிகிரியில் அதே காற்று தாங்குவது ஏறத்தாழ ஒரு கிராம்தான். மீதி எல்லாம் எங்கே போகும்? இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய்ப் பனியாக ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. கதவு சரியாக மூடாவிட்டால் இரவும் பகலும் நிற்காமல் நடக்கிறது.

கட்டிய பனி இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. குளிர் சுவருக்கும் உணவுக்கும் நடுவில் கம்பளி போல உட்கார்ந்துகொள்கிறது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் பொருள் சரியாகக் குளிராது.

ஐஸைப் பார்த்துக் காரணம் அறிவது

விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால், அது காற்றிலிருந்த நீராவி நேரே பனியாகப் படிந்தது. கண்ணாடி போலத் தெளிவாக, கெட்டியாக இருந்தால், அது தண்ணீராக ஓடி அல்லது சொட்டி அப்புறம் உறைந்தது. உதிரும் பனி இருந்தால் காற்று எங்கே நுழைகிறது என்று தேட வேண்டும். கெட்டி ஐஸ் இருந்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தேட வேண்டும்.

அடுத்தது இடம். கதவோரத்திலோ, ஒரு மூலையிலோ, மேல் விளிம்பிலோ மட்டும் பனி அதிகமாக இருந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். காற்று நுழையும் இடத்துக்கு அருகில்தான் பனி முதலில் படியும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசரின் தரையில் கெட்டி ஐஸ் தகடு படர்ந்திருந்தால், உருகிய தண்ணீர் வெளியேறும் ஓட்டை அடைத்திருக்கிறது. சில சமயம் காய்கறி டப்பாவுக்கு அடியிலும் தண்ணீர் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

பின்பக்கத் தகடு முழுக்க வெண்பனி பூத்து, ஃப்ரீசர் ஓரளவு குளிராக இருந்தும் கீழ் அறை மட்டும் குளிராமல் போனால், உருக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை என்பதே முதல் சந்தேகம். ஹீட்டர், அதன் சென்சார், ஹீட்டரை நேரம் பார்த்துப் போடும் டைமர் அல்லது எலெக்ட்ரானிக் போர்டு, இவற்றில் ஒன்று. காயில் முழுக்க ஐஸ் அடைத்துவிட்டதால் ஃபேன் தள்ளும் காற்றுக்குப் போக வழியில்லை. பலர் இந்த நிலையில் “கேஸ் போய்விட்டது” என்று நினைத்து கேஸ் நிரப்பச் சொல்லிவிடுகிறார்கள். தேவையில்லாத செலவு அது. ஐஸும் திரும்ப வரும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் காட்சி வேறு. காயிலின் ஒரு முனையில் மட்டும் ஐஸ் உருண்டையாகக் கட்டியிருக்கும். மீதிப் பகுதி காய்ந்து கிடக்கும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடினாலும் ஃப்ரீசரே சரியாகக் குளிராது. இது வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

உணவுப் பொட்டலங்களுக்கு உள்ளே மட்டும் பனித்துகள் இருந்தால் ஃப்ரிட்ஜில் பழுதில்லை. சூடாறாமல் வைத்திருப்பீர்கள், அல்லது மூடாமலோ காற்றை வெளியேற்றாமலோ கட்டியிருப்பீர்கள்.

கேஸ்கெட்டும் கதவும்

காரணம் எதுவாகத் தோன்றினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். செலவே இல்லை, பழுதும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடுங்கள். தாளை மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் அந்த இடம் சரி. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அங்கே காற்று நுழைகிறது. ஒரு சாண் இடைவெளியில் நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். கீல் பக்கத்து மூலைகளை விட்டுவிடாதீர்கள். ரப்பர் சுருங்குவது பெரும்பாலும் அங்கேதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடினாலும் இடைவெளி வெளிச்சக்கோடாகத் தெரிந்துவிடும்.

கேஸ்கெட்டின் மடிப்புகளில் உணவுத்துகளும் பிசுக்கும் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், இவை போதும். மடிப்பை விரித்துத் தேய்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ரப்பர் ஓரிடத்தில் நெளிந்து உள்வாங்கியிருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அங்கே சில நிமிடம் வைத்து, ரப்பர் இளகியதும் விரலால் வெளியே இழுத்துவிட்டுக் கதவை மூடி வையுங்கள். கிழிந்திருந்தாலோ, கல்லாக இறுகியிருந்தாலோ, உள்ளே இருக்கும் காந்தப் பட்டை பிடிக்காமல் போயிருந்தாலோ மாற்றுவதுதான் வழி. ஃப்ரிட்ஜுக்குள் சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். அளவு கொஞ்சம் மாறினாலும் மூலைகள் பொருந்தாது.

அப்புறம் கதவு. பாதி திறந்து கையை எடுத்தால் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முன்பக்கக் கால்களைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஃப்ரிட்ஜ் மிக லேசாகப் பின்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். கதவு தொங்கியிருந்தால் கீல் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு டப்பா துருத்திக்கொண்டு நின்றாலும் கதவு மயிரிழை திறந்தே இருக்கும்.

சிங்கிள் டோர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃப்ரீசர் பெட்டிக்கென்று உள்ளே ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் கீல் உடைந்தால் பலர் கழற்றி வைத்துவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். கீழே வைக்கும் பொருள்களின் ஈரமெல்லாம் நேராக ஃப்ரீசர் சுவரில் போய்ப் படியும். எவ்வளவு உருக்கினாலும் சில நாளில் நிறைந்துவிடும். அந்தக் கதவை வாங்கி மாட்டுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பழுது என்றே யாரும் நினைக்காத பழுது இது.

உருக்கும் முறை

பனி சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன் ஆகும்போதே உருக்கிவிட்டால் வேலை சுலபம். டைரக்ட் கூலில் இரவு பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கலாம். கம்ப்ரசர் நின்று, பனி உருகியதும் பட்டன் தானாக வெளியே வந்து மறுபடி குளிர ஆரம்பிக்கும். உருகிய தண்ணீர் சேரும் தட்டைக் காலையில் மறக்காமல் காலி செய்யுங்கள். பட்டன் அழுத்தியும் நிற்காமல் வெளியே வந்துவிட்டாலோ, உருகி முடிந்தும் வெளியே வராவிட்டாலோ தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

பனி பாறையாகிவிட்டால் பட்டன் மட்டும் போதாது. இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பட்டனை அழுத்துவது மின்சாரத்தை நிறுத்துவதாகாது; தண்ணீரோடு செய்யும் வேலை என்பதால் பிளக் வெளியே இருந்தே ஆக வேண்டும். ஃப்ரீசர் பொருள்களை ஐஸ் பெட்டியிலோ, ஒன்றோடொன்று நெருக்கி வைத்துத் தடித்த போர்வையில் சுற்றியோ வையுங்கள். ஒட்டிக்கொண்ட பொட்டலத்தை இழுக்காதீர்கள். ஐஸ் இளகினால் தானாக வரும்.

ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் பழைய துண்டுகளை விரியுங்கள். ஃப்ரீசருக்குள் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்துங்கள். கொதிக்கும் பாத்திரம் நேரே பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். அதற்காகத்தான் துணி. 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஐஸ் சுவரைவிட்டு விலகி, தட்டினால் டொக் என்று வெற்றொலி கேட்க ஆரம்பிக்கும். அப்போது கையாலோ, பிளாஸ்டிக் கரண்டியாலோ நெம்பினால் தகடு தகடாக வந்துவிடும்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர், எதுவும் வேண்டாம். டைரக்ட் கூலில் ஃப்ரீசர் சுவருக்குள்ளேயே கேஸ் ஓடும் வழி இருக்கிறது. மெல்லிய அலுமினியம். ஒரு குத்துப் போதும், ஓட்டை விழுந்து கேஸ் முழுக்க வெளியேறிவிடும். சரிசெய்யும் செலவு ஃப்ரிட்ஜின் விலையை நெருங்கிவிடலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்போது வரும் பல வீட்டு ஃப்ரிட்ஜுகளில் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் கேஸ். அது தீப்பிடிக்கும். அளவு சில பத்து கிராம்தான் என்றாலும் மூடிய அறையில் பொறி பட்டால் போதும். எப்போதாவது உஸ்ஸென்று சத்தம் கேட்டால் சுவிட்ச் எதையும் தொடாமல், நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். தீச்சுடர், ஹீட் கன் போன்றவற்றைக் கிட்டே கொண்டுபோவதே கூடாது. முடி உலர்த்தும் டிரையரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவி என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெந்நீர் கொஞ்சம் மெதுவாகச் செய்தாலும் அதே வேலையைச் செய்துவிடும்.

எல்லாம் உருகியதும் சுவரைச் சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள். விட்டுவைக்கும் ஈரம்தான் அடுத்த பனியின் முதல் அடுக்கு. பிளக்கைப் போட்டதும் ஓடவிட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகே பொருள்களை அடுக்குங்கள். உணவில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிப் போன இறைச்சி, மீன், பால் பொருள்களை மறுபடி வைக்க வேண்டாம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் அடுத்த கட்டம்

தகட்டுக்குப் பின்னால் காயிலில் இறுகிய ஐஸ் கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் உருகவும் செய்யாது. பொருள்களை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். பின்னால் உள்ள தட்டு நிரம்பி வழியலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்தில் பொறுமை இழந்து ஓடவிட்டால் நடுவில் தங்கிய ஐஸ் மறுபடி இறுகிவிடும்.

இந்த ஒரு நாள் உருக்கல் ஒரு சோதனையும்கூட. ஓடவிட்ட தேதியைக் குறித்து வையுங்கள். கீழ் அறை நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி குளிர் குறைந்து பின்தகட்டில் பனி பூத்தால், உருக்கும் அமைப்பில்தான் கோளாறு. மாதக்கணக்கில் பிரச்சினையே வரவில்லை என்றால், யாரோ ஒரு நாள் கதவைச் சரியாக மூடாமல் விட்டதுதான் காரணம். பாகம் எதையும் மாற்ற வேண்டாம்.

தண்ணீர் வெளியேறும் ஓட்டையையும் இந்த நேரத்தில் பாருங்கள். பல மாடல்களில் பின்தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். காயிலுக்கு நேர் கீழே தொட்டி போன்ற பகுதியில் இருக்கும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெந்நீரை எடுத்து ஓட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் வந்து விழுந்தால் வழி திறந்துவிட்டது. வராவிட்டால் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தலாம். இரும்புக் கம்பி வேண்டாம்.

ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பதும் சுலபம். பல மாடல்களில் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும். கம்ப்ரசர் ஓடும்போது கதவைத் திறந்து, சட்டத்தில் உள்ள கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபேன் சத்தமும் காற்றும் வர வேண்டும். கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் இறக்கையில் ஐஸ் படுகிறது.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி போகலாம், பிளக் வெளியே இருக்கும் நிலையில் மட்டும். ஹீட்டரின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். மாடலைப் பொறுத்துச் சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டினால் ஹீட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. தொடர்பே இல்லை என்று காட்டினால் போய்விட்டது. அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் தனியாக இருந்தால் அது எப்போதும் தொடர்பு காட்ட வேண்டும். காயிலின் மேல் மாட்டியிருக்கும் பைமெட்டல் தெர்மோஸ்டாட்டில்தான் (குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பலர் ஏமாந்துபோகிறார்கள். அது குளிர்ந்திருக்கும்போது மட்டுமே தொடர்பு கொடுக்கும். அறை வெப்பத்தில் தொடர்பில்லாமல் இருப்பது அதன் இயல்பு. ஃப்ரிட்ஜ் ஒரு நாள் அணைந்திருந்த பிறகு சோதித்துவிட்டு நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைக் கழற்றி, ஓடுகிற வேறொரு ஃப்ரீசரில் நன்றாகக் குளிரவைத்து, எடுத்த கையோடு மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குளிரிலும் தொடர்பு கிடைக்காவிட்டால் மாற்றலாம்.

பழைய மாடல்களில் டைமர் இருக்கும். அதன் திருகைக் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் கிளிக் என்று கேட்கும். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் அப்போது கம்ப்ரசர் நின்று ஹீட்டர் போடப்படும். சற்று நேரத்தில் தண்ணீர்த்துளி சூட்டில் பட்டுச் சுர்ர் என்று சத்தம் வரும். இந்தச் சத்தம் ஆரோக்கியமான ஃப்ரிட்ஜிலும் தினமும் வருவதுதான். திருப்பியதும் ஹீட்டர் வேலை செய்து, ஆனால் டைமர் தானாக அந்த இடத்துக்கு ஒருபோதும் நகராவிட்டால் டைமர்தான் பழுது. எலெக்ட்ரானிக் போர்டு உள்ள மாடல்களில் இதைச் செய்யும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. கையேட்டில் பாருங்கள். போர்டைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை.

திரும்ப வராமல் இருக்க

ஃப்ரீசருக்கு மைனஸ் 18, கீழ் அறைக்கு 3 அல்லது 4 டிகிரி போதும். திருகில் பெரிய எண் என்றால் அதிகக் குளிர். எண்ணைக் கூட்டி வைத்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, டைரக்ட் கூலில் பனி வேகமாக ஏறும். வெளியே குளிரான நாள்களில் எண்ணைக் குறையுங்கள். சூடான பொருளை ஆறவைத்து, மூடியிட்டு வையுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பின்தகட்டின் காற்றுத் துளைகளை மறைத்து அடுக்காதீர்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது “ஐஸ் கட்டுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐஸ் எந்த இடத்தில், உதிரும் பனியா கெட்டியா, கீழ் அறை குளிர்கிறதா, முழுக்க உருக்கி எத்தனை நாளில் திரும்ப வந்தது என்ற நாலு விவரத்தையும், எடுத்து வைத்த படங்களையும் காட்டுங்கள். கேஸ் நிரப்ப வேண்டும் என்று அவர் சொன்னால், பின்தகட்டைக் கழற்றிக் காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காயில் முழுக்க ஒரே சீராக ஐஸ் மூடியிருந்தால், கேஸுக்கு முன்னால் ஹீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.